ஐரோப்பாவில் ஸ்போர்ட்ஸ் கார் தொழிற்சாலைகள்: கையைக் கடிக்காத சாலைப் பயணத்துக்கான கேள்வி-பதில்

போர்ஷே, ஃபெராரி, லம்போர்கினி, பகானி என்று நான்கு பெயர்களையும் ஒரே பயணத்தில் முடித்துவிட வேண்டும், ஆனால் பர்ஸ் காலியாகக் கூடாது என்பவர்களுக்காக இது. இங்கே சொல்லும் பாதை ஸ்டுட்கார்ட்டில் தொடங்கி, மியூனிக் வழியாக ஆல்ப்ஸ் மலையைத் தாண்டி இத்தாலியின் மொடெனா வரை போய், மியூனிக்குக்கே திரும்பி வருகிறது. நான்கு பேர், சின்ன வாடகைக் கார், எட்டு இரவு என்பது கணக்கு. விலைகள் அடிக்கடி மாறும் என்பதால் கிளம்பும் முன் ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

தொழிற்சாலைக்குள் நிஜமாகவே விடுவார்களா?

சிலர் விடுவார்கள், சிலர் வாசலோடு சரி. லம்போர்கினியும் பகானியும் டிக்கெட் வாங்கிய யாரையும் வழிகாட்டியோடு உள்ளே கூட்டிப்போய்க் காட்டுகிறார்கள். ஃபெராரியில் கார் கட்டும் கூடத்துக்குள் நடந்து பார்க்கக் கார் வாங்கியவர்களுக்குத்தான் அழைப்பு. மற்றவர்களுக்கு மரனெல்லோ மியூசியத்திலிருந்து ஒரு பஸ் கிளம்பும். வளாகத்துக்குள் ஓடும், ஃபியொரானோ சோதனைத் தடத்தைக் காட்டும், ஆனால் கீழே இறங்கவும் முடியாது, படம் எடுக்கவும் முடியாது. போர்ஷேவில் முன்பதிவு உண்டு, எல்லா நாளும் கிடைக்காது. ஸ்டுட்கார்ட்டில் கிடைக்கவில்லை என்றால் லைப்சிக் ஆலை இருக்கிறது, ஆனால் அது நம் பாதைக்கு ரொம்பத் தள்ளி.

'தொழிற்சாலைச் சுற்று' என்று விற்கும் எல்லாமே தொழிற்சாலைக்குள் நடப்பது அல்ல. டிக்கெட் எடுக்கும் முன், பஸ்ஸிலா, கண்ணாடிக்கு வெளியிலா, கூடத்துக்குள்ளேயா என்று படித்துப் பாருங்கள்.

ஒரே ஒரு உள்சுற்றுக்குத்தான் பணம் இருக்கிறது. எதைத் தேர்ந்தெடுப்பது?

என்னைக் கேட்டால், இந்தப் பயணத்தில் ஒரே ஒரு உள்சுற்று போதும், மற்ற இடங்களில் மியூசியத்தோடு நிறுத்திக்கொள்ளலாம். மூன்றாவது அசெம்பிளி லைனைப் பார்க்கும்போது யாருக்குமே கொட்டாவி வரும்.

லம்போர்கினியா பகானியா என்பது உங்களுக்கு எது பிடிக்கும் என்பதைப் பொறுத்தது. சாந்தகாத்தா போலொன்யேசெ என்ற சிறிய ஊரில் 1963-லிருந்து இருக்கும் லம்போர்கினி இன்று முழு அளவிலான தொழிற்சாலை. 2023-ல் முதன்முறையாக ஒரே ஆண்டில் 10,000 கார்களுக்கு மேல் கொடுத்தார்கள். லைனில் கார் ஒவ்வொரு நிலையமாக நகர்வதையும், தோல் தைக்கும் பகுதியையும் பார்க்கலாம். கார் தொழிற்சாலை என்று நாம் மனதில் வைத்திருக்கும் படம் இதுதான்.

பகானி வேறு உலகம். மொடெனாவை ஒட்டிய சான் செசாரியோ சுல் பானாரோவில், வருடத்துக்குச் சில பத்துக் கார்கள் மட்டும் செய்யும் பட்டறை. கார்பன் ஃபைபர் துணியை அச்சுக்குத் தக்கபடி வெட்டி, கையாலேயே அடுக்கடுக்காகப் படிய வைத்து, ஆட்டோகிளேவ் என்ற அழுத்த அடுப்பில் வேகவைக்கிறார்கள். நெசவின் கோடுகள் காரின் நடுக்கோட்டில் இருபுறமும் கண்ணாடியில் பார்த்தாற்போல் சந்திக்க வேண்டும், ஒரு இழை பிசகினாலும் எடுபடாது. டைட்டானியம் திருகுகளின் தலையைக் கிட்டே போய்ப் பாருங்கள். ஒவ்வொன்றிலும் பகானி என்ற பெயர் பொறித்திருக்கும்.

நான் பகானிக்கே ஓட்டுப் போடுவேன், அதற்கு இன்னொரு காரணமும் உண்டு. நிறுவனர் ஒராசியோ பகானி அர்ஜென்டினாக்காரர். லம்போர்கினியில் வேலை பார்த்து, கார்பன் ஃபைபரில் கைதேர்ந்து, பிறகு தனியாகப் பிரிந்தவர். 1999-ல் வந்த அவருடைய முதல் காரான சோண்டாவிலிருந்து இன்று வரை பகானிக்கு வி12 (பன்னிரண்டு சிலிண்டர்) எஞ்சின் கொடுப்பது மெர்சிடிஸ்-ஏஎம்ஜி. அதன் தலைமையிடமான அஃபால்டர்பாக் ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில். ஸ்டுட்கார்ட்டில் தொடங்கி மொடெனா போகும் நீங்கள், கிட்டத்தட்ட அந்த எஞ்சின் போகும் வழியில்தான் போகிறீர்கள்.

ஸ்டுட்கார்ட்டில் எத்தனை நாள்? கார் வேண்டுமா?

இரண்டு இரவு போதும், கார் வேண்டாம். போர்ஷே மியூசியம் சுஃபன்ஹவுசன் பகுதியில், தொழிற்சாலைக்கு எதிரிலேயே இருக்கிறது. நகரத்திலிருந்து எஸ்6 புறநகர் ரயில் ஏறி நொய்விர்ட்ஸ்ஹவுஸ் நிலையத்தில் இறங்கினால் மியூசியம் கண்ணெதிரே. நிலையத்தின் பெயரோடு 'போர்ஷேபிளாட்ஸ்' என்பதும் சேர்ந்தே இருக்கும். வாசலில் உள்ள ரவுண்டானாவில் 24 மீட்டர் உயரத் தூண்களின் உச்சியில் மூன்று போர்ஷே 911 கார்கள் வானத்தைப் பார்த்து நிற்கின்றன. அதைப் பார்க்கக் காசு இல்லை. ஷிஃப்ட் மாறும் நேரத்தில் போனால் போர்ஷே ஊழியர்கள் உங்களோடு அதே ரயிலில் நெரிசலில் நிற்பார்கள்.

மறுநாள் பாட் கான்ஸ்டாட் பகுதியில் மெர்சிடிஸ்-பென்ஸ் மியூசியம். லிஃப்டில் உச்சிக்குப் போய், 1886-ஆம் ஆண்டில் தொடங்கிச் சுருள் பாதையில் இறங்கிக்கொண்டே வரவேண்டும். பந்தயக் கார்கள் இருக்கும் தளம் வரும்போது கால் கெஞ்சும், அதனால் மேல் தளங்களில் ரொம்ப நேரம் செலவழிக்காதீர்கள். இரண்டு மியூசியங்களுக்கும் திங்கட்கிழமை விடுமுறை. சென்னையிலிருந்து பிராங்க்ஃபர்ட் வந்து இறங்குபவர்கள், ஸ்டுட்கார்ட்டில் திங்கள் விழாதபடி விமானத்தைப் பிடியுங்கள்.

மியூனிக்கில் நிற்பது அவசியமா?

பிஎம்டபிள்யூவுக்காக என்றால் அவசியமில்லை. ஆனால் எப்படியும் அந்த வழியாகத்தான் போகிறோம். கார்களை வாடிக்கையாளர்களிடம் ஒப்படைக்கும் பிஎம்டபிள்யூ வெல்ட் கட்டடத்துக்கு நுழைவு இலவசம். புதுக் காரின் சாவி வாங்கிய குடும்பம் ஒன்று உள்ளேயே ஓட்டிக்கொண்டு வெளியேறுவதை மேலிருந்து வேடிக்கை பார்க்கலாம். பக்கத்து ஆலைச் சுற்றுக்கு முன்பதிவு வேண்டும்.

மரனெல்லோ, மொடெனா என்று இரண்டு ஃபெராரி மியூசியம் இருக்கிறதே?

மரனெல்லோ மியூசியத்தில் ஃபார்முலா 1, கோப்பைகள், சாலைக் கார்கள் எல்லாம் இருக்கும். மொடெனாவில் உள்ளது என்ஸோ ஃபெராரியின் வாழ்க்கையைச் சொல்வது. அவருடைய தந்தையின் பட்டறைக்குப் பக்கத்திலேயே, காரின் பானெட் போல வளைந்த மஞ்சள் கூரையோடு 2012-ல் திறந்த கட்டடம். இரண்டுக்கும் சேர்த்து எடுக்கும் டிக்கெட் தனித்தனியாக எடுப்பதைவிட மலிவு. நேரம் குறைவு என்றால் மரனெல்லோ மட்டும்.

மரனெல்லோவில் காசு கொடுக்காமல் பார்க்க நிறைய இருக்கிறது. 1943-ல் ஃபெராரி தன் பட்டறையை மொடெனாவிலிருந்து இங்கே கொண்டுவந்தார். 1947 மார்ச்சில் முதல் ஃபெராரியான 125 எஸ் இந்தத் தொழிற்சாலையின் பழைய வாசலிலிருந்துதான் ஓட்டத்துக்கு வெளியே வந்தது. அந்த வாசலும், எதிரில் அவர் தினமும் சாப்பிட்ட கவல்லீனோ உணவகமும் இன்றும் இருக்கின்றன. உணவகம் விலை அதிகம், வெளியே நின்று பார்த்தால் போதும். வேலை நாட்களில் அந்தத் தெருவில் சும்மா அரை மணி நேரம் நின்றாலே நம்பர் பிளேட்டில் 'புரோவா' (சோதனை) என்று எழுதிய கார் ஒன்றாவது கடந்து போகும். ஃபார்முலா 1-ல் ஃபெராரி ஜெயித்தால் ஊர்த் தேவாலயத்தின் மணி அடிப்பார்கள். பந்தய ஞாயிறு அங்கே இருக்க முடிந்தால் விடாதீர்கள் (ஜெயிப்பது நம் கையில் இல்லை).

வாடகை ஃபெராரியை ஓட்டிப் பார்க்கலாமா?

மியூசியத்தைச் சுற்றியுள்ள கடைகள் எல்லாம் இதைத்தான் விற்கின்றன. பத்து நிமிடத்துக்கு நூறு யூரோ என்ற அளவில் ஆரம்பிக்கும், ஊர்ச் சாலையில், ஸ்பீடு கேமராக்களுக்கு நடுவே, பக்கத்தில் ஓர் ஆள் உட்கார்ந்திருக்க. அந்தப் பணத்தில் பகானி உள்சுற்றுக்குப் போய்வரலாம். ஆசை அடங்கவில்லை என்றால், இடித்தால் உங்கள் பங்கு எவ்வளவு என்ற வரியை மட்டும் கையெழுத்துப் போடும் முன் படித்துவிடுங்கள்.

எந்த மாதம் போவது நல்லது?

மே, ஜூன், செப்டம்பர். ஆகஸ்ட் வேண்டவே வேண்டாம். ஆகஸ்ட் 15-ஐ ஒட்டிய ஃபெராகோஸ்தோ விடுமுறைக்கு இத்தாலியத் தொழிற்சாலைகள் வாரக்கணக்கில் மூடிவிடும். மியூசியம் திறந்திருக்கும், லைன் நின்றிருக்கும். மொடெனா சமவெளியின் புழுக்கம் நமக்குப் பழகியதுதான் என்றாலும், அதைப் பார்க்கவா அவ்வளவு தூரம் போகிறோம்?

சனி, ஞாயிறில் லைன் ஓடாது. அதனால் உள்சுற்றை வேலை நாளில் வையுங்கள், மியூசியங்களை வார இறுதிக்குத் தள்ளுங்கள். முதலில் உள்சுற்றுக்குத் தேதி கிடைக்கட்டும், அதைச் சுற்றி மற்ற எல்லாவற்றையும் அமைத்துக்கொள்ளலாம். விமான டிக்கெட்டை எடுத்துவிட்டுத் தேதி தேடினால் பெரும்பாலும் கிடைக்காது.

விசா எந்த நாட்டுக்கு எடுக்க வேண்டும்?

ஷெங்கன் விசா ஒன்று போதும். அதிக இரவுகள் தங்கும் நாட்டிடம் விண்ணப்பிக்க வேண்டும், இரண்டு நாட்டிலும் சமம் என்றால் முதலில் நுழையும் நாடு. நம் திட்டத்தில் ஸ்டுட்கார்ட் இரண்டு, மியூனிக் போகும்போது ஒன்று, வரும்போது ஒன்று, மொடெனா நான்கு. ஆக 4-4 சமம், நுழைவது ஜெர்மனி, எனவே ஜெர்மன் விசா. இத்தாலியில் ஓர் இரவு கூட்டினால் கணக்கு மாறிவிடும், கவனம். கட்டணம் பெரியவர்களுக்கு 90 யூரோ, விசா மையத்தின் சேவைக் கட்டணம் தனி. குறைந்தது 30,000 யூரோ மருத்துவச் செலவுக்கான பயணக் காப்பீடும் கட்டாயம்.

நம் ஊர் லைசென்ஸ் செல்லுமா?

அசல் லைசென்ஸோடு பன்னாட்டு ஓட்டுநர் அனுமதியும் கையில் இருக்கட்டும். இத்தாலியில் அது இல்லாமல் ஓட்டினால் அபராதம். நம் ஆர்டிஓ அலுவலகத்தில் ஆயிரம் ரூபாய் கட்டணத்தில் ஒரு வருடத்துக்குத் தருகிறார்கள். விசாவுக்குக் காத்திருக்கும் நேரத்தில் வாங்கிவிடலாம்.

காரை எங்கே எடுத்து எங்கே விடுவது?

ஸ்டுட்கார்ட்டை ரயிலில் முடித்துவிட்டு, கிளம்பும் நாள் காலையில் காரை எடுங்கள். விமான நிலையக் கவுன்ட்டரைவிட நகரக் கிளைகளில் பெரும்பாலும் வாடகை குறைவு, ஆனால் ஞாயிறு பூட்டியிருக்கும். விடுவது மியூனிக்கில். ஒரே நாட்டுக்குள் வேறு ஊரில் விட்டால் கட்டணம் குறைவு அல்லது இல்லை. ஜெர்மனியில் எடுத்து இத்தாலியில் விடுவது என்றால் அந்தக் கட்டணமே ஒரு வாரத்து வாடகையைத் தாண்டும்.

கியர் வண்டி எடுத்தால் ஆட்டோமேட்டிக்கைவிட மிச்சம். ஸ்போர்ட்ஸ் கார் பார்க்கப் போகிறோமே, ஒரு பிஎம்டபிள்யூவாவது எடுக்கலாமே என்று தோன்றும். சில வாடகை நிறுவனங்கள் உயர்ரக வண்டிகளை இத்தாலிக்குள் கொண்டுபோக விடுவதில்லை. சின்ன ஹேட்ச்பேக் எடுங்கள், இத்தாலி போவதாக முதலிலேயே சொல்லி எழுத்தில் வாங்குங்கள். ஓட்டுபவர் பெயரில் கிரெடிட் கார்டு வேண்டும், டெபாசிட் தொகை அதில்தான் பிடித்து வைப்பார்கள். ஓட்டுபவருக்கு 25 வயது ஆகவில்லை என்றால் கூடுதல் கட்டணம்.

டோல், பெட்ரோல் எவ்வளவு ஆகும்?

ஜெர்மன் ஆட்டோபான் நெடுஞ்சாலையில் கார்களுக்கு டோல் கிடையாது. ஆஸ்திரியாவில் விக்னெட் எனப்படும் சாலை வரி வில்லை வேண்டும். பத்து நாள் வில்லை 12 யூரோ சொச்சம், போக வர இரண்டுக்கும் அதுவே போதும். ஆஸ்திரியா-இத்தாலி எல்லையில் உள்ள பிரென்னர் கணவாய்ப் பகுதிக்குத் தனிக் கட்டணம், ஒரு தடவைக்கு 12 யூரோ அளவில். இத்தாலியில் ஏ22 நெடுஞ்சாலை பிரென்னரில் தொடங்கி மொடெனாவில்தான் முடிகிறது. நுழையும்போது டிக்கெட் எடுத்து, வெளியேறும்போது 25 யூரோ அளவில் கட்ட வேண்டும். டோலில் மஞ்சள் பலகை வரிசைக்குள் மட்டும் போகாதீர்கள், அது டெலிபாஸ் கருவி உள்ளவர்களுக்கு.

பிரென்னரில் லூயிக் பாலத்தைப் புதிதாகக் கட்டுவதால் 2025 தொடக்கத்திலிருந்து பெரும்பாலான நாட்களில் ஒரு திசைக்கு ஒரு தடம்தான். கோடைச் சனிக்கிழமைகளில் மணிக்கணக்கில் நிற்க நேரும். செவ்வாய், புதனில் கடந்துவிடுங்கள். ஊருக்குள் புகுந்து பழைய சாலையில் தப்பிக்கலாம் என்ற யோசனை வேண்டாம். நெரிசல் நாட்களில் கடந்து போகும் வண்டிகளுக்கு ஆஸ்திரியாவின் திரோல் மாநிலத்தில் அதற்குத் தடை, போலீஸ் நின்று திருப்பி அனுப்பும்.

பெட்ரோலை நெடுஞ்சாலையில் போடாதீர்கள், ஓரிரு கிலோமீட்டர் விலகி ஊர்ப் பக்கம் போனால் லிட்டருக்கு நன்றாகவே குறையும். இத்தாலியில் ஒரே பங்க்கில் இரண்டு விலை இருக்கும். 'செர்வீத்தோ' என்றால் ஆள் வந்து போடுவார், விலை கூடுதல். 'செல்ஃப்' பக்கம் நிறுத்துங்கள். 'கசோலியோ' என்று எழுதியிருந்தால் டீசல். பெயரைப் பார்த்து கேசோலின் என்று நினைத்துவிட்டால் எஞ்சின் போச்சு. பெட்ரோலுக்கு 'பென்சீனா'.

இத்தாலியில் அபராதம் வீடு தேடி வரும் என்கிறார்களே?

வரும். மாதங்கள் கழித்து வரும். பெரும்பாலும் காரணம் இசட்டிஎல் எனப்படும் வாகனக் கட்டுப்பாட்டு வட்டாரம். மொடெனா, போலோஞா இரண்டின் பழைய நகர்ப் பகுதியும் இப்படித்தான். சிவப்பு விளிம்பு போட்ட வெள்ளை வட்டப் பலகை இருக்கும், மேலே கேமரா. 'வார்கோ ஆத்திவோ' என்று ஒளிர்ந்தால் நுழையக் கூடாது. கூகுள் மேப்பை நம்பி ஒரே தெருவில் போய், வழி தவறித் திரும்பி, மறுபடி நுழைந்தால் இரண்டு அபராதம். உங்கள் விலாசத்தை போலீசுக்குக் கொடுத்ததற்காக வாடகை நிறுவனமும் தனியே ஒரு தொகை எடுக்கும். பழைய நகருக்குள் விடுதி எடுத்திருந்தால், வண்டி எண்ணைப் பதிவு செய்யச் சொல்லி முன்கூட்டியே கேளுங்கள். இல்லையென்றால் வெளியே நிறுத்திவிட்டு நடங்கள்.

வேகமும் அப்படியே. இத்தாலிய நெடுஞ்சாலையில் 130, மழை பெய்தால் 110. சில இடங்களில் இரண்டு கேமராக்களுக்கு இடையிலான சராசரி வேகத்தைக் கணக்கிடுவார்கள், கேமராவுக்கு முன்னால் மட்டும் பிரேக் போடும் நம் சாமர்த்தியம் எடுபடாது.

தங்க எங்கே மலிவு?

மொடெனா நகருக்கு வெளியே, சமையலறை உள்ள வீடு அல்லது பண்ணைத் தங்குமிடம். கார் இருப்பதால் நிறுத்த இடம் இலவசமாகக் கிடைக்கும். அங்கிருந்து மரனெல்லோ, சாந்தகாத்தா, சான் செசாரியோ மூன்றுமே அரை மணி நேரத் தூரம், நான்கு இரவும் ஒரே இடத்தில் தங்கலாம். மியூனிக்கில் அக்டோபர்ஃபெஸ்ட் நாட்கள் வேண்டாம். அது செப்டம்பரிலேயே தொடங்கிவிடும், அறை வாடகை தலைசுற்றும்.

சைவம் சாப்பிடுபவர்களுக்கு?

மொடெனாவின் புகழ்பெற்ற ஞோக்கோ ஃப்ரித்தோ பார்க்க நம் பூரிதான், ஆனால் பாரம்பரியமாகப் பன்றிக் கொழுப்பில் பொரிப்பது. திஜெல்லே என்ற வட்ட ரொட்டியின் மாவிலும் அது சேரும். 'ஸ்த்ருத்தோ' (பன்றிக் கொழுப்பு) போட்டிருக்கிறதா என்று கேளுங்கள். பார்மெசான் சீஸிலும் கன்றின் வயிற்றிலிருந்து எடுக்கும், பாலைத் திரிய வைக்கும் ரென்னெட் உண்டு, கண்டிப்பான சைவர்கள் அதையும் தவிர்க்க வேண்டியிருக்கும். சீஸைத் தூவாமல் தக்காளிப் பாஸ்தா, பீட்சா மரினாரா கேட்கலாம். உட்கார்ந்து சாப்பிட்டால் 'கோபெர்தோ' என்று ஆளுக்கு ஓரிரு யூரோ பில்லில் சேரும், ஏமாற்று அல்ல.

வாடகை வீட்டில் அரிசி வேகவைத்து, பொடி, ஊறுகாயோடு ஒரு வேளை ஒப்பேற்றினால் நாளுக்கு ஆளுக்குப் பத்து யூரோ மிச்சம்.

ஆக மொத்தம் எவ்வளவு?

விமானம், விசா நீங்கலாக, நான்கு பேர் பகிர்ந்தால் ஆளுக்கு 850 யூரோ என்று வையுங்கள். சுமார் 1,500 கிலோமீட்டருக்கு வாடகை, பெட்ரோல், டோல், பார்க்கிங் சேர்ந்து 650 யூரோ, அதில் உங்கள் பங்கு 160 சொச்சம். தங்க இரவுக்கு 35 வீதம் 280. சாப்பாடு நாளுக்கு 25 வீதம் ஒன்பது நாளுக்கு 225. மியூசியங்களும் ஒரு உள்சுற்றும் 160. நகர ரயில், பஸ் 25. யூரோவை நூறு ரூபாய் என்று போட்டால் 85,000. இரண்டே பேர் என்றால் காரின் பங்கு இரட்டிப்பாகும், அப்போது அடுத்த கேள்வியைப் படியுங்கள்.

கார் இல்லாமல் ரயிலில் முடியுமா?

முடியும். மியூனிக்கிலிருந்து பிரென்னர் வழியாக போலோஞாவுக்கு நேரடி ரயில் உண்டு, முன்கூட்டியே எடுத்தால் மலிவு. மொடெனா நிலையத்திலிருந்து மரனெல்லோவுக்கு மியூசியப் பஸ்ஸும் உள்ளூர் பஸ்ஸும் போகின்றன. சிரமம் லம்போர்கினிக்கும் பகானிக்கும்தான். பஸ் குறைவு, உள்சுற்று நேரத்தைத் தவறவிட்டால் பணம் திரும்பாது. அந்த ஒரு நாளுக்கு மட்டும் மொடெனாவில் வண்டி எடுப்பது இரண்டு பேருக்குச் சரியாக வரும்.

புகாட்டி, மெக்லாரன், மார்கன், நர்பர்கிரிங்?

புகாட்டியின் மோல்ஷைம் ஆலை வாடிக்கையாளர்களுக்கு மட்டும். பழைய புகாட்டிகள் பிடிக்கும் என்றால் பிரான்சின் முல்ஹவுஸ் கார் மியூசியம் போங்கள், நூற்றுக்கு மேல் இருக்கின்றன, அபூர்வமான ரோயால் இரண்டும் சேர்த்து. மெக்லாரன் பொதுமக்களை விடுவதில்லை. ஆஷ் மரச் சட்டத்தின் மேல் கார் கட்டும் மார்கன் விடுகிறது, அருமையான இடம், ஆனால் அது பிரிட்டன். தனி விசா, தனிப் பயணம்.

ஜெர்மனியின் பந்தயத் தடமான நர்பர்கிரிங்கில் வாடகைக் காரை இறக்கவே கூடாது, ஒப்பந்தத்திலேயே தடை இருக்கும், காப்பீடும் வராது. 20.8 கிலோமீட்டர் வடக்குத் தடத்தின் புரூன்சென் வளைவில் மற்றவர்கள் ஓட்டுவதை நின்று பார்க்கலாம். ஸ்டுட்கார்ட்டிலிருந்து சுமார் 300 கிலோமீட்டர், நம் பாதைக்கு நேரெதிர்த் திசை. கூடுதலாக இரண்டு நாள் இருந்தால் மட்டும் யோசியுங்கள்.